அலட்டிக்கொள்ளாத ஒரு ராக் இசைத்தொகுப்பைக் கேட்பது எப்படி

இண்டி ராக் என்று பொதுவாக அழைக்கப்படும் இசையில், 1960களையும் 1970களையும் நினைவூட்டும் கிட்டார் ஒலி, அவசரமில்லாத தாளம், உரக்கப் பாடாத குரல் ஆகிய மூன்றும் ஒன்றுசேர்ந்த ஒரு வகை உண்டு. பினாங்கின் ஜார்ஜ் டவுனில் இளையவர்கள் நடத்தும் காப்பிக் கடைகளில் பின்னணியில் மெல்ல ஒலித்துக்கொண்டிருப்பது பல நேரங்களில் இந்த வகைதான். காதுக்கு இதமாக இருக்கிறது என்று சொல்லிச் சிலர் அத்துடன் நின்றுவிடுகிறார்கள். வேறு சிலர், எல்லாப் பாட்டும் ஒரே மாதிரி இருக்கிறதே என்று பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். இரு தரப்பினரையும் குறை சொல்ல முடியாது, ஏனென்றால் இந்த இசை தன் உழைப்பை வெளியே காட்டிக்கொள்வதில்லை. ஆனால் அதைத் தேடிக் கேட்பதற்கு ஒரு முறை இருக்கிறது. தமிழ்த் திரைப்பாடல்களைக் கேட்டு வளர்ந்த ஒருவர் அந்த முறையை மற்றவர்களைவிட எளிதாகக் கற்றுக்கொள்ள முடியும் என்பதே இந்தக் கட்டுரையை எழுதுவதற்குக் காரணம்.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். திரைப்பாடலில் குரல் முன்வரிசையில் நிற்கிறது. பல்லவி தொடங்கியதும் மற்ற வாத்தியங்கள் பின்னே ஒதுங்கிக் குரலுக்கு வழிவிடுகின்றன. குரல் ஓயும் இடத்தில் இடையிசை வந்து நிரப்புகிறது. நாம் பேசும் இந்த இசையிலோ குரல் ஒரு கிட்டாருக்குச் சமமான இடத்தில், சில சமயம் அதற்கும் ஓரடி பின்னால், அமர்த்தப்பட்டிருக்கிறது. ஆகவே குரலை மட்டும் பின்தொடர்ந்து போகும் காதுக்கு இங்கே கிடைப்பது குறைவு. பாட்டில் எதுவும் நடக்கவில்லை என்ற எண்ணம் பெரும்பாலும் இதனால்தான் வருகிறது. நடப்பவை எல்லாம் குரலுக்குக் கீழே, தாழ்ந்த ஸ்வரங்களை வாசிக்கும் பேஸ் கிட்டாரிலும் டிரம்ஸிலும், ஒலிகளுக்கு நடுவே விடப்பட்ட இடைவெளியிலும் நடக்கின்றன.

எதிலிருந்து தொடங்குவது

தொடக்கத்துக்கு நீளம் குறைந்த தொகுப்பையே நான் பரிந்துரைப்பேன். கனடாவைச் சேர்ந்த மேக் டிமார்க்கோ 2014இல் வெளியிட்ட ‘சாலட் டேஸ்’ 11 பாடல்களைக் கொண்டது; முழுவதும் ஓடி முடிய 35 நிமிடம்கூட ஆகாது. நியூயார்க் புரூக்ளினில் தான் குடியிருந்த வீட்டிலேயே, ஏறக்குறைய எல்லா வாத்தியங்களையும் தானே வாசித்து அவர் அதைப் பதிவுசெய்தார். ஒரே மனிதர் எல்லாவற்றையும் வாசித்திருப்பதால் ஒவ்வொரு வாத்தியமும் மற்றதற்கு இடம்கொடுத்து நடக்கிறது. கேட்கப் பழகுகிறவருக்கு அந்த எளிமை மிகவும் உதவும். அதன்பின் நியூ ஜெர்சியில் உருவான ரியல் எஸ்டேட் குழுவின் 2011ஆம் ஆண்டுத் தொகுப்பான ‘டேஸ்’ பக்கம் போகலாம். இரண்டு கிட்டார்கள் ஒன்றையொன்று மறிக்காமல் பின்னிக்கொள்ளும் விதத்துக்கு அது நல்ல பாடம். மூன்றாவதாக, அமெரிக்காவின் ஹூஸ்டனிலிருந்து வந்த குருவாங்பின் என்னும் மூவர் குழு 2015இல் வெளியிட்ட முதல் தொகுப்பு. அதில் குரல் மிகக் குறைவாகவே வருவதால், குரலைத் தேடும் பழக்கம் தானாகவே விலகும்.

கேட்கும் செயலியில் செய்ய வேண்டிய சில சிறு மாற்றங்களை முதலிலேயே செய்துவிடுங்கள். பாடல்களைக் கலைத்துப் போடும் வசதியை நிறுத்துங்கள். ஒரு பாடலின் முடிவை அடுத்த பாடலின் தொடக்கத்தோடு கரைக்கும் ‘கிராஸ்ஃபேட்’ வசதியையும் நிறுத்துங்கள், ஏனென்றால் இரண்டு பாடல்களுக்கு நடுவே வரும் மௌனம் இவ்வகைத் தொகுப்பில் திட்டமிட்டு விடப்பட்டது. தாழ்ந்த, உயர்ந்த ஒலிகளின் அளவை மாற்றும் ஈக்குவலைசரில் பேஸை ஏற்றி வைத்திருந்தால் சமநிலைக்குக் கொண்டுவாருங்கள். ஏற்றிய பேஸ் கனமாக ஒலிக்குமே ஒழிய, அதன் ஸ்வரங்கள் தனித்தனியாகக் கேட்காது. தொகுப்பு முடிந்ததும் செயலி தானாக வேறொரு பாடலைத் தொடங்காதபடியும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கே, எப்போது

பினாங்கு வீடுகளில் இந்த இசைக்கு முதல் எதிரி கூரை மின்விசிறி. விசிறியின் தொடர்ந்த இரைச்சல் ஒரு கிட்டார் ஒலி மங்கி மறையும் கடைசிப் பகுதியை அப்படியே மூடிவிடும். இந்த இசையின் அழகில் பாதி அந்தக் கடைசிப் பகுதியில்தான் இருக்கிறது. முதல் சில முறையாவது விசிறியை ஒன்றாம் எண்ணில் வைத்தோ, காதை முழுவதும் மூடும் ஹெட்போனை அணிந்தோ கேளுங்கள். விலை உயர்ந்த ஹெட்போன் தேவையே இல்லை. ஒலியளவைப் பாதிக்குக் கீழே வையுங்கள். கடைவாசலில் ஆளுயர ஸ்பீக்கர்கள் முழங்கும் லிட்டில் இந்தியாத் தெருக்களில் பாதி நாளைக் கழிக்கும் நமக்கு, மெல்லிய ஒலியில் கேட்பது தொடக்கத்தில் ஏதோ குறைவதுபோல் இருக்கும். சில நிமிடங்களில் காது தன்னைச் சரிசெய்துகொள்ளும்.

பயணத்தில் கேட்க விரும்புகிறவர்களுக்கு ஒரு சொல். பட்டர்வொர்த் ஃபெரி கரை சேர்வதற்குள் மூன்று நான்கு பாடல்களே முடியும். தொகுப்பு துண்டுபட்டுப் போகும். தஞ்சோங் பூங்கா, பத்து ஃபெரிங்கி வழியாகத் தெலுக் பஹாங் கடந்து பாலிக் பூலாவ் இறங்கும் கடலோரச் சாலை இதற்குப் பொருத்தமானது, வளைவுகளில் வண்டி வேகம் எடுக்க முடியாது என்பதால் தாளமும் பயணமும் ஒத்துப்போகின்றன. ஆயினும் சக்கர இரைச்சல் பேஸை விழுங்கிவிடும் என்பதால், காரில் கேட்பதை இரண்டாம் முறைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

காதை வைக்க வேண்டிய இடங்கள்

முதல் முறை எதையும் ஆராயாமல் தொடக்கம் முதல் முடிவு வரை கேட்டு முடியுங்கள். பிடிக்கிறதா இல்லையா என்ற தீர்ப்பை அன்றே எழுத வேண்டாம்.

இரண்டாம் முறை பேஸ் கிட்டாரை மட்டும் பின்தொடருங்கள். இங்கேதான் தமிழ்க் காதுக்கு ஒரு தனிப் பலம் இருக்கிறது. 1976இல் திரையிசைக்கு வந்த இளையராஜா, அடுத்து வந்த ஆண்டுகளில் பேஸ் கிட்டாருக்குத் தாளத்தைத் தாங்கும் வேலையோடு தனக்கென ஒரு மெட்டையும் கொடுத்தார். குரல் ஒரு வழியில் போக, பேஸ் வேறொரு வழியில் நடந்து இருவரும் ஓரிடத்தில் சந்திப்பதை நாம் சிறுவயதிலிருந்தே, கவனிக்காமலே கேட்டு வந்திருக்கிறோம். அந்தப் பழக்கத்தை அப்படியே இங்கே கொண்டுவாருங்கள். இந்தத் தொகுப்புகளில் பேஸ் பெரும்பாலும் வட்டமான, முனை மழுங்கிய ஒலியோடு இருக்கும். 1960களில் பேஸ் வாசித்தவர்கள் பலர் மேற்பரப்பு வழவழப்பான தட்டைக் கம்பிகளைப் பயன்படுத்தினார்கள். அவை மினுக்கில்லாமல், சுருக்கமாக ஒலித்து அடங்கும். இன்றைய குழுக்கள் அதே கம்பிகளைத் தேடிப் போடுவதும் அதனால்தான். பேஸ் வரியை உங்களால் வாய்க்குள் முணுமுணுக்க முடிந்தால் அந்தப் பாட்டின் எலும்புக்கூடு உங்களுக்குப் பிடிபட்டுவிட்டது.

மூன்றாம் முறை டிரம்ஸ். குறிப்பாக, இரண்டாவது நான்காவது அடிகளில் விழும் ஸ்னேர் என்னும் கூரிய ஒலியுள்ள டிரம்மைக் கவனியுங்கள். கடிகாரம்போல் சரியான நொடியில் விழாமல், விநாடியின் நூறில் ஓரிரு பங்கு தாமதமாக அது விழும்போதுதான் பாட்டு சாய்ந்து உட்கார்ந்திருப்பதுபோன்ற உணர்வு நமக்குக் கிடைக்கிறது. வேகம் குறைந்த பாட்டெல்லாம் நிதானமான பாட்டு ஆகிவிடாது. மெதுவான வேகத்திலும் பதற்றமாக வாசிக்க முடியும், சற்று வேகமான பாட்டையும் இப்படித் தளர்த்தி வாசிக்க முடியும். டிரம்ஸ் ஒலி குறுகி, எதிரொலியில்லாமல், அட்டைப்பெட்டியைத் தட்டுவதுபோல் இருந்தால் அதற்கும் காரணம் உண்டு: தோல்களின் மேல் துணியைப் போட்டு அதிர்வை அடக்கிப் பதிவுசெய்வது 1960களின் இறுதியிலும் 1970களிலும் பரவலாக இருந்த முறை. அடக்கப்பட்ட டிரம்ஸ் மற்ற எல்லாவற்றுக்கும் இடம் விட்டுக்கொடுக்கிறது.

நான்காம் முறையை முழுவதும் கிட்டாரின் ஒலிக்கே ஒதுக்குங்கள். இதற்குச் சற்று நேரம் எடுத்துக்கொள்ளலாம், ஏனென்றால் பழமையின் வாசனை முதலில் வருவது இங்கிருந்துதான். பாட்டின் தொடக்கத்தில் தனித்து ஒலிக்கும் ஒரேயொரு ஸ்வரத்தைத் தேர்ந்தெடுத்து, அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேளுங்கள். விரலோ, மீட்டும் வில்லையான பிக்கோ கம்பியைத் தொடும் கூர்மையான தொடக்கம் ஒன்று இருக்கும். உடனே அதன் பின்னால், ஈரமான, சற்று உலோகத் தன்மையுள்ள ஒரு நடுக்கம் பரவும். அது ஸ்பிரிங் ரிவெர்ப். ஃபெண்டர் நிறுவனம் 1961இல் இதைத் தனிப் பெட்டியாக விற்றது. 1963 முதல் ஆம்ப்ளிஃபையருக்குள்ளேயே வைத்துத் தந்தது. கிட்டாரின் மின்சமிக்ஞை ஒரு முனையில் அதிர்வாக மாறி, பெட்டிக்குள் நீட்டிக் கட்டப்பட்ட சுருள்கம்பிகள் வழியே ஓடி, மறுமுனையில் மீண்டும் மின்சமிக்ஞையாகப் பிடிக்கப்படுகிறது. கம்பிக்குள் ஒலி முன்னும் பின்னும் மோதித் திரும்புவதால்தான் அந்த நடுக்கம். ஒரு மண்டபத்தின் எதிரொலியைச் செய்துகாட்டக் கண்டுபிடித்த கருவி, எந்த மண்டபத்திலும் கேட்க முடியாத ஒரு புதிய ஒலியைத் தந்துவிட்டது. இன்றைக்கும் இசைக்கலைஞர்கள் அதை விரும்பி வாங்குவது அந்தத் தனித்தன்மைக்காகத்தான்.

அதே ஸ்வரத்தை இன்னும் ஒருமுறை கேட்டால், அது லேசாக ஏறி இறங்கி அலைவதும் தெரியலாம். இந்த அலைவு நமக்கு அந்நியமானதன்று. வெயிலில் காரின் முன்பலகையில் கிடந்த கேசட்டில் பழைய பாடல்களைக் கேட்டவர்கள் அனைவருக்கும், நாடா தளர்ந்தபின் பாடகரின் குரல் நீண்டு நெளிவது நினைவிருக்கும். சாதாரணக் கேசட்டில் நாடா விநாடிக்கு ஏறத்தாழ 4.76 சென்டிமீட்டர் வேகத்தில்தான் ஓடுகிறது. ஒலிப்பதிவுக் கூடங்களின் பெரிய நாடாக்களுக்கு 38 சென்டிமீட்டர் வழக்கமான வேகம். வேகம் குறையக் குறைய, அதில் ஏற்படும் சிறு தடுமாற்றமும் காதுக்கு எட்டிவிடுகிறது. 1979இல் டாஸ்காம் நிறுவனம், கேசட்டிலேயே நான்கு தடங்களைத் தனித்தனியாகப் பதியும் போர்ட்டாஸ்டுடியோவை வெளியிட்டபின், வீட்டறையில் இசை பதிவுசெய்கிறவர்கள் பலருடைய ஒலியில் இந்த நெளிவும் கூடவே வந்தது. அன்று குறையாக இருந்ததை இன்று கோரஸ், வைப்ராட்டோ கருவிகளைக் கொண்டு வேண்டுமென்றே சேர்க்கிறார்கள். நேர்கோட்டில் நிற்கும் ஸ்வரத்தைவிட அலையும் ஸ்வரத்தில் மனிதக் கை தெரிகிறது என்பது என் எண்ணம். கமகத்தைக் கேட்டுப் பழகிய நமக்கு அதை ஏற்பதில் தடை இருக்காது.

குரலை ஐந்தாம் முறைக்கு வைத்ததும் காரணத்தோடுதான். அடித்தளம் முழுவதும் பழக்கமானபின் கேட்டால், பாடுகிறவர் ஏன் குரலை உயர்த்தவில்லை என்பது புரியும். அவர் உரக்கப் பாடியிருந்தால் மேலே சொன்ன எதுவும் நம் காதுக்கு வந்திருக்காது.

முன்னோர்களைத் தேடிப் போவது

ஒரு தொகுப்பு பிடித்துவிட்டால், அது யாரிடமிருந்து கற்றுக்கொண்டது என்று பின்னோக்கிப் போவதுதான் அடுத்த வேலை. மணியோசைபோல் கலகலக்கும் கிட்டார் என்றால் 1960களின் நடுப்பகுதியில் பன்னிரண்டு கம்பி ரிக்கன்பேக்கர் கிட்டாரை முன்னிறுத்திய தி பேர்ட்ஸ் குழு. குரலைத் தாழ்த்தி, தாளத்தை இயந்திரத்திடம் விட்டு, வாசிப்பைச் சுருக்கிய பாணி என்றால் 1971இல் முதல் தொகுப்பை வெளியிட்ட ஜே. ஜே. கேல். வீட்டிலேயே பதிவுசெய்த கதகதப்பு என்றால் ஜப்பானின் ஹருவோமி ஹோசோனோ. சாயாமா என்னும் ஊரில் தான் வாடகைக்கு இருந்த வீட்டில் 1973இல் அவர் பதிவுசெய்த தொகுப்பின் தாக்கம் டிமார்க்கோவின் இசையில் தெளிவாகவே தெரிகிறது.

நம் ஊருக்கு நெருக்கமான கிளை ஒன்றும் உண்டு. அதைப் பற்றி யாரும் போதிய அளவு பேசுவதில்லை என்பது என் ஆதங்கம். பிரிட்டனின் தி ஷேடோஸ் குழு, தன் கிட்டார் கலைஞர் ஹேங்க் மார்வினின் எதிரொலி சேர்த்த ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரோடு, 1961இல் பாடகர் கிளிஃப் ரிச்சர்டுடன் சிங்கப்பூருக்கு வந்து வாசித்தது. அந்தக் கிட்டார் ஒலி மலாயாவிலும் சிங்கப்பூரிலும் இளைஞர்களைப் பற்றிக்கொண்டது. மலாய், சீன, இந்திய, யூரேசிய இளைஞர்கள் குழுக்களை அமைத்தார்கள். பத்தாண்டின் நடுவில் பாப் யே யே என்ற பெயரில் மலாய்ப் பாடல்களும் அதே பாணியில் பெருகின. எல்லைக்கு வடக்கே தாய்லாந்திலும் ஷேடோஸ் பாணியில் உள்ளூர் மெட்டுகளை வாசிக்கும் குழுக்கள் உருவாயின. அந்தக் காலத்துத் தாய்லாந்து இசையைக் கேட்டு மயங்கித்தான் ஹூஸ்டனின் குருவாங்பின் குழு தன் ஒலியை அமைத்துக்கொண்டது. தன் பெயரையும் தாய்லாந்து மொழியிலிருந்தே எடுத்துக்கொண்டது. ஆகவே குருவாங்பினைக் கேட்டபின் பாப் யே யே பாடல்கள் சிலவற்றைக் கேட்டுப் பாருங்கள். உங்கள் வீட்டில் எழுபது வயதைத் தாண்டிய தாத்தாவோ பெரிய மாமாவோ இருந்தால் அவரையும் பக்கத்தில் உட்காரவைத்துக் கேளுங்கள். குழுவின் பெயர் தெரியாவிட்டாலும் அந்தக் கிட்டார் ஒலியை அவர் உங்களுக்கு முன்பே அடையாளம் கண்டுகொள்வார்.

பழமையும் வேடமும்

இந்த வகையில் வெளிவரும் எல்லாத் தொகுப்புகளும் நல்லவை என்று சொல்ல முடியாது. மங்கிய புகைப்படம் போட்ட அட்டை, பழைய எழுத்துரு, கணினியில் சேர்த்த இசைத்தட்டுக் கரகரப்பு ஆகியவற்றை மட்டும் வைத்துக்கொண்டு பழமை வேடம் போடும் தொகுப்புகளும் வருகின்றன. கரகரப்பை வலிந்து சேர்த்திருந்தால் எனக்கு உடனே ஐயம் எழும், ஏனென்றால் அந்தக் காலத்துக் கலைஞர்கள் கரகரப்பைக் குறைக்கத்தான் பாடுபட்டார்கள். சோதித்துப் பார்க்க நல்ல வழி ஒன்று உண்டு. பாட்டை ஒரு கிட்டாரும் ஒரு குரலுமாக மட்டும் பாடினால் நிற்குமா என்று மனத்துக்குள் பாடிப் பாருங்கள். மெட்டும், சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்களான கோர்டுகளின் நகர்வும் நின்றால் ஒலியின் பழமை அதற்கு அழகு சேர்த்திருக்கிறது என்று பொருள். எல்லாம் ஆவியாகிப் போனால் அங்கே பாட்டே இல்லை. இன்னொன்று, தொகுப்பின் ஏழாவது எட்டாவது பாடல்களைக் கவனியுங்கள். வேடம் போடுகிறவர்களுக்கு அந்த இடத்தில் கைச்சரக்கு தீர்ந்துவிடும்.

இசைத்தட்டு வாங்குகிறவர்களுக்கு

இசைத்தட்டில் கேட்பது கட்டாயமில்லை. ஆனால் ஒரு பக்கம் ஏறக்குறைய இருபது நிமிடத்தில் முடிந்து, எழுந்துபோய்த் திருப்பிப் போட வேண்டியிருப்பதால், தொகுப்பை இரண்டு பகுதிகளாக அமைத்த நோக்கம் விளங்கும். பழைய தட்டுகளுக்கு லோரோங் கூலிட் காலைச் சந்தை இன்றும் போய்ப் பார்க்கத் தகுந்த இடம். நண்பகலுக்குள் கலைந்துவிடும், ஆகவே பசியாறிய கையோடு போய்விடுங்கள். தட்டை உறையிலிருந்து எடுத்து, விளிம்பையும் நடுத்தாளையும் மட்டும் பிடித்து, வெயிலில் சாய்த்துப் பாருங்கள். மயிரிழைக் கீறல்கள் பெரும்பாலும் கேட்காது. நகத்தால் வருடினால் தட்டுப்படும் கீறல் கட்டாயம் கேட்கும். நடுத் துளையைச் சுற்றித் தாளில் வெள்ளைக் கோடுகள் நிறைய இருந்தால் அந்தத் தட்டு பலமுறை சுழன்று உழைத்தது. பினாங்கில் பிறந்த மலாய்ப் பாடகர் பி. ராம்லியின் 1950களின் பாடல்கள் வந்த 78 சுற்றுத் தட்டுகளும் எப்போதாவது கண்ணில் படலாம். அவை அரக்கு கலந்தவை, வினைல் எல்.பி. தட்டுகளுக்கான ஊசியில் ஓட்டக்கூடாது, ஆல்கஹால் கலந்த திரவத்தால் துடைக்கவும் கூடாது, அரக்கு கரைந்துவிடும்.

நம் காற்றின் ஈரத்தில் பூஞ்சணம் பிடிப்பதுதான் பெரிய தொல்லை. வினைல் தட்டை, காய்ச்சி வடித்த நீரில் ஒரு சொட்டுப் பாத்திரச் சோப்பு கலந்து, மென்மையான துணியால் வரிகளின் போக்கிலேயே துடைத்து, வெறும் நீரால் மறுபடி துடைத்து, நிற்கவைத்து உலர்த்துங்கள், நடுத்தாள் நனையக்கூடாது. பூஞ்சணம் பிடித்த உள்ளுறையைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதியது போடுங்கள். தட்டுகளை வெளிச்சுவரை ஒட்டி வைக்காமல், செங்குத்தாக அடுக்குங்கள். சூட்கேஸ் வடிவில் வரும் மலிவான பிளேயர்கள் பலவற்றில் ஊசி அளவுக்கு மீறி அழுத்துகிறது. ஏறத்தாழ இரண்டு கிராம் அழுத்தத்தில் ஓடும், ஊசியைத் தாங்கும் காட்ரிட்ஜ் உள்ள பிளேயருக்குச் சேமிப்பதே நல்லது.

கையில் கிட்டார் இருந்தால்

வாசிக்கத் தெரிந்தவர்கள் கேட்பதோடு நிறுத்த வேண்டாம். கழுத்துப் பக்கத்துப் பிக்கப்பைத் தேர்ந்தெடுத்து, டோன் குமிழைப் பாதிக்குக் குறைத்து, ஆம்ப்ளிஃபையரில் ரிவெர்பை மூன்றுக்கு ஏற்றிக்கொண்டு, ஏ மேஜர் 7, டி மேஜர் 7 என்ற இரண்டே கோர்டுகளை மாற்றி மாற்றி வாசியுங்கள். ஏழாம் ஸ்வரம் சேர்ந்த இந்தக் கோர்டுகள் முழுவதும் முடிந்துவிடாமல் தொங்கி நிற்பதால், பாட்டு எங்கும் போய்ச் சேர அவசரப்படுவதில்லை. மெட்ரோனோமை 42இல் வைத்து, அதன் ஒவ்வொரு தட்டலையும் இரண்டாம், நான்காம் அடிகளாக எண்ணிக்கொள்ளுங்கள். அப்போது பாட்டின் வேகம் 84 ஆக அமையும். முதல் அடியை நீங்களே மனத்துக்குள் வைத்திருக்க வேண்டியிருப்பதால் கை முந்திக்கொண்டு ஓட முயலும். அதைக் கைப்பேசியில் பதிவுசெய்து கேட்டு, தட்டலுக்கு முன்னால் விழும் இடங்களைக் குறித்துக்கொண்டு, அந்த இடங்களை மட்டும் மறுபடி வாசியுங்கள்.